சார்ஜஸ் அண்ட் ஃபீல்ட்ஸ்: அளந்தால் பாடம், பார்த்தால் வெறும் கலர்

பிளஸ் டூ இயற்பியலில் முதல் அலகே நிலைமின்னியல். பள்ளி திறந்து பிள்ளைகள் பெஞ்சில் ஒழுங்காக உட்காரும் முன்பே, கண்ணுக்குத் தெரியாத மின்புலத்தையும் கையில் அகப்படாத மின்னழுத்தத்தையும் சாக்பீஸால் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையின் பெரிய பள்ளியானாலும் சரி, ராதாபுரம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியானாலும் சரி, இயற்பியல் ஆசிரியருக்கு இந்த இடத்தில் பாடு ஒன்றுதான். போர்டில் வரைந்த அம்பு அசையாது. “சார், அந்த மைனஸைக் கொஞ்சம் தள்ளி வச்சா என்ன ஆகும்?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டால் முழுப் படத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப வரைய வேண்டும்.

அந்தக் கேள்விக்கென்றே செய்தது போல இருக்கிறது ‘சார்ஜஸ் அண்ட் ஃபீல்ட்ஸ்’. 2001-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், அமெரிக்காவில் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் சிமுலேஷன்களில், அதாவது கம்ப்யூட்டர் திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகளில், இதுவும் ஒன்று. காசு கிடையாது. லாகின் வேண்டாம். நடுவில் விளம்பரம் வராது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். புள்ளி மின்னூட்டங்களுக்கு இது அருமையான கருவி. வகுப்பில் அளவெடுக்க வைத்தால் ஒரு முழு ஆய்வகம். ஆனால் இணைத்தட்டையும் (எதிரெதிரே நிற்கும் இரண்டு மின்னூட்டத் தட்டுகள்) கோளக்கூட்டையும் (உள்ளே வெற்றான கோளம்) இதை வைத்து நடத்தினால் தப்பான பாடம் போய்ச் சேரும். திரையில் எல்லாம் அழகாகத் தெரிவதால் அந்தத் தப்பு யார் கண்ணிலும் படாது. அதனால்தான் இங்கே அதற்கு இடம் கொஞ்சம் கூடுதல்.

வகுப்புக்குள் கொண்டுவருவது

சிமுலேஷன் முழுவதும் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு. ஒரு முறை டவுன்லோடு செய்து பென் டிரைவில் போட்டுக்கொண்டால் போதும். நெட் இல்லாமலே பிரவுசரில் ஓடும். ஹைடெக் லேபில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் டெஸ்க்டாப்பில் காப்பி செய்து வைத்துவிடுங்கள். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் இணையத்தில் திறக்கப் பார்த்தால் பாதி வகுப்பு சுற்றும் வட்டத்தைப் பார்த்தே முடிந்துவிடும். மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் போனிலுள்ள வேறு ஏதாவது செயலி அந்தக் கோப்பைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரைதான் வரக்கூடும். குரோமைத் தேர்ந்தெடுத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

திறந்ததும் பின்புலம் கறுப்பாக இருக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் வெளிச்சம் அடங்காத நம்மூர் வகுப்பறையில், புரொஜெக்டரில் கறுப்புத் திரை எடுபடாது. அம்புகள் சாம்பல் புள்ளிகளாகத்தான் தெரியும். அமைப்புகளுக்குள் ‘புரொஜெக்டர் மோட்’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் பின்புலம் வெள்ளையாகும், கடைசி பெஞ்சுக்கும் தெரியும். இதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் “சரியாவே தெரியல” என்று சிமுலேஷனையே ஒதுக்கிவைத்த பள்ளிகள் உண்டு. பழைய கம்ப்யூட்டராக இருந்தால், மின்னூட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்த வண்ணம் திக்கித் திக்கி மாறலாம். அப்போது வண்ணத்தை அணைத்துவிட்டு எண்களை மட்டும் வைத்து நடத்துங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

திரையில் இருப்பது கொஞ்சம்தான். கீழே பெட்டியில் சிவப்பு நிற நேர் மின்னூட்டம், நீல நிற எதிர் மின்னூட்டம், மஞ்சள் சென்சார். ஒவ்வொரு மின்னூட்டமும் 1 நானோகூலூம், அதாவது ஒரு கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு. வலது பக்கம் டிக் செய்யும் பெட்டிகள்: மின்புலம், திசை மட்டும், வோல்டேஜ், மதிப்புகள், கட்டம். அளவு நாடா ஒன்று. மின்னழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று. அதிலுள்ள பென்சில் பொத்தானை அழுத்தினால் அந்தப் புள்ளி வழியாகச் செல்லும் சமமின்னழுத்தக் கோடு, அதாவது மின்னழுத்தம் ஒரே அளவாக இருக்கும் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு, தானே வரைந்துகொள்ளும். கட்டத்தைப் போட்டால் பெரிய கட்டம் ஒவ்வொன்றும் அரை மீட்டர். அதற்குள் ஐந்து சிறு கட்டம், ஒன்றுக்கு 10 செ.மீ.

வகுப்பு தொடங்கும்போது ‘மதிப்புகள்’, ‘கட்டம்’ இரண்டையும் போட்டுவிட்டு, ‘வோல்டேஜ்’ பெட்டியில் டிக் இல்லாமல் ஆரம்பியுங்கள். பெரும்பாலோர் செய்வது நேர்மாறு. முதல் நிமிடத்திலேயே சிவப்பும் நீலமும் பொங்கி வழிந்தால் பிள்ளைகள் “சூப்பர் சார்” என்பார்கள். பிறகு ஒருவரும் எண்ணைப் பார்க்க மாட்டார்கள்.

கண் ஏமாறும் இடங்கள்

திரை முழுக்கப் பரவியிருக்கும் அம்புகள் எல்லாம் ஒரே நீளம். புலத்தின் வலிமையை நீளம் காட்டவில்லை, பளிச்சிடும் அளவுதான் காட்டுகிறது: பக்கத்தில் பளிச், தூரத்தில் மங்கல். இதைச் சொல்லாமல் விட்டால், “அம்பு எல்லாம் ஒரே நீளமாத்தானல்லா இருக்கு, அப்போ புலமும் எல்லா இடத்திலயும் ஒண்ணுதானே?” என்ற கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்வி. ‘திசை மட்டும்’ பெட்டியில் டிக் போட்டிருந்தால் பளிச்சும் போய்விடும். அப்போது வலிமை பற்றித் திரையில் எந்தத் தகவலும் இருக்காது. மஞ்சள் சென்சாரில் வரும் அம்பு மட்டும் வேறு ரகம். அதன் நீளம் புலத்தின் வலிமைக்கு ஏற்ப மாறும். மின்னூட்டத்தை நெருங்கினால் திரையைத் தாண்டி ஓடிவிடும்.

சென்சாரையே மின்னூட்டம் என்று நினைப்பது இன்னொரு குழப்பம். அது சோதனை மின்னூட்டத்தின் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். தன் பங்குக்குப் புலம் எதையும் உண்டாக்காது. விசை பட்டு நகரவும் நகராது. இந்தச் சிமுலேஷனில் வைத்த பொருள் வைத்த இடத்தில்தான் இருக்கும். நேரும் எதிரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஏன் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளவில்லை என்று கேட்கிற பிள்ளைக்கு, ஆணியடித்து நிறுத்தியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஒரே புள்ளியில் ஐந்து நேர் மின்னூட்டங்களை அடுக்கினால் 5 நானோகூலூம் ஆகும். கணக்குக்கு மிகவும் உதவியான வசதி, ஆனால் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். அடுக்கும்போது சிறு கட்டத்தில் பாதி விலகினாலும் பக்கத்து ரீடிங் கெட்டுப்போகும். அதனால் கட்டத்தின் சந்திப்பில் வைத்து அடுக்குங்கள். எத்தனை அடுக்கினோம் என்று போர்டில் எழுதிவையுங்கள். ஒரு மீட்டர் தள்ளி சென்சாரை வைத்துச் சரிபாருங்கள். ஐந்து இருந்தால் 45 வோல்ட்/மீட்டர் காட்ட வேண்டும். 36 காட்டினால் ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது.

கஷ்டப்பட்டு வரைந்த சமமின்னழுத்தக் கோடுகள், ஏதாவது ஒரு மின்னூட்டத்தை லேசாக நகர்த்தினாலே எல்லாம் மறைந்துவிடும். இது பிழை இல்லை. மின்னூட்டம் நகர்ந்த பிறகு பழைய கோடு பொய்யாகிவிடுகிறதே. ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டுமென்றால் நகர்த்தும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தாள் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்

ஒரே ஒரு நேர் மின்னூட்டம். அதிலிருந்து 0.5, 1, 1.5, 2, 3 மீட்டரில் சென்சாரையும் மின்னழுத்த மீட்டரையும் வைத்து எழுதச் சொல்லுங்கள். புலம் 36, 9, 4, 2.25, 1 என்று வரும். மின்னழுத்தம் 18, 9, 6, 4.5, 3 என்று வரும். 1 மீட்டரில் இரண்டுமே 9 என்பதைப் பார்த்ததும் “ரெண்டும் ஒண்ணுதானா சார்?” என்று கேட்பார்கள். 9×10⁹ என்ற மாறிலியும் 1 நானோகூலூமும் பெருக்கினால் 9 வருவதால் நேர்ந்த ஒற்றுமை அது. 2 மீட்டருக்குப் போனதும் உடைந்துவிடும். தொலைவின் வர்க்கத்தின் தலைகீழியை கிடை அச்சில் வைத்துப் புலத்தையும், தொலைவின் தலைகீழியை வைத்து மின்னழுத்தத்தையும் வரைந்தால் இரண்டும் நேர்க்கோடு. இரண்டின் சரிவும் 9. கூலூம் விதியின் மாறிலியைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே எடுத்துவிட்டார்கள்.

அடுத்து அதே மின்னூட்டத்தைச் சுற்றி 18, 15, 12, 9, 6 வோல்ட் கோடுகளை வரையுங்கள். ஆரங்கள் 0.5, 0.6, 0.75, 1, 1.5 மீட்டர். வோல்ட் மூன்று மூன்றாகத்தான் குறைகிறது. ஆனால் இடைவெளி 10 செ.மீ., 15, 25, 50 என்று விரிந்துகொண்டே போகிறது. அடுத்த 3 வோல்ட் கோட்டுக்கு ஆரம் 3 மீட்டர். அது திரைக்கு மேலேயும் கீழேயும் வெளியே போய்விடும், வரைய வேண்டாம். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலையின் சமஉயரக் கோட்டு வரைபடத்தை ஒரு முறை காட்டிவிட்டால் வேலை மிச்சம்: கோடு நெருங்கிய இடம் செங்குத்து, விலகிய இடம் சமதளம். கோடுகள் நெருங்கிய இடத்தில்தான் புலம் வலிமை.

இங்கேதான் புத்தகத்தில் பலரும் மனப்பாடம் செய்யும் சமன்பாடு உயிர் பெறுகிறது. புலம் என்பது மின்னழுத்தச் சரிவின் எதிர்க்குறி. 0.9 மீட்டரில் 10 வோல்ட், 1.1 மீட்டரில் சுமார் 8.18 வோல்ட். வேறுபாடு 1.82, அதை 0.2 மீட்டரால் வகுத்தால் 9.1. நடுவில் சென்சார் காட்டுவது 9.0. அதையே 0.5, 1.5 மீட்டர் புள்ளிகளை எடுத்துச் செய்தால் 18-லிருந்து 6 போக 12, அதாவது 12 வோல்ட்/மீட்டர். சென்சாரோ நடுவில் இன்னும் 9-தான் காட்டும். ஏன் ‘மிகச் சிறிய தொலைவு’ என்று புத்தகம் அடம்பிடிக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

தேர்விலும் நீட்டிலும் திரும்பத் திரும்ப வரும் இடறல் ஒன்று உண்டு: புலம் சுழி என்றால் மின்னழுத்தமும் சுழியா? இரண்டு நேர் மின்னூட்டங்களை 2 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். நடுப்புள்ளியில் புலம் சுழி, மின்னழுத்தம் 18 வோல்ட். அதில் ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் எதிர் மின்னூட்டம் வையுங்கள். இப்போது மின்னழுத்தம் சுழி, புலம் 18 வோல்ட்/மீட்டர். ஒரே புள்ளி, அப்படியே தலைகீழ். இந்த இரண்டு ரீடிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிள்ளை பிறகு இந்த வினாவில் தவறுவது அரிது.

கொஞ்சம் கடினமானது வேண்டுமென்றால்: நான்கு நேர் மின்னூட்டங்களை ஓரிடத்தில் அடுக்கி, 1 மீட்டர் தள்ளி ஒரு எதிர் மின்னூட்டம். புலம் சுழியாகும் இடத்தைச் சென்சாரால் தேடச் சொல்லுங்கள். பாதிப் பேர் இரண்டுக்கும் நடுவில் தேடுவார்கள். அங்கே கிடைக்காது, ஏனென்றால் நடுவில் இரண்டு புலமும் ஒரே திசை. எதிர் மின்னூட்டத்தைத் தாண்டி இன்னும் 1 மீட்டர் போனால் கிடைக்கும். அங்கே மின்னழுத்தம் 9 வோல்ட். மின்னழுத்தம் சுழியாகும் இடமோ அச்சில் இரண்டு: எதிர் மின்னூட்டத்திலிருந்து உள்பக்கம் 20 செ.மீ., வெளிப்பக்கம் சுமார் 33 செ.மீ. அதில் ஒரு புள்ளியில் மீட்டரை வைத்துப் பென்சிலை அழுத்தினால் எதிர் மின்னூட்டத்தைச் சுற்றிச் சரியான வட்டம் வரும். அந்த வட்டத்தின் மையம் மின்னூட்டத்தின் மேல் இல்லை, கொஞ்சம் வெளியே தள்ளி இருக்கிறது என்பதைக் கவனிக்கிற மாணவர் யாராவது இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

மின் இருமுனைக்கு (சம அளவு நேரும் எதிரும் சிறு இடைவெளியில் நிற்கும் ஜோடி) ஐந்து நேர், ஐந்து எதிர் மின்னூட்டங்களை 20 செ.மீ. இடைவெளியில் அடுக்குங்கள். மையத்திலிருந்து 2 மீட்டரில் புலம், இரண்டையும் சேர்க்கும் அச்சுக்கோட்டில் 2.26 வோல்ட்/மீட்டர், அதற்குச் செங்குத்தான நடுவரைக்கோட்டில் 1.12. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிட்டது. ஒன்றொன்றாக வைத்தால் ரீடிங் மிகச் சிறியதாகி, தசமத்தைச் சுருக்கும்போது விகிதம் குழம்பும். ஐந்தாக அடுக்குவது அதற்காகத்தான்.

இணைத்தட்டு: இங்கே நம்பாதீர்கள்

வகுப்பறைகளில் அதிகம் நடப்பது இதுதான். ஒரு வரிசை சிவப்பு, எதிரே ஒரு வரிசை நீலம். நடுவில் அம்புகள் அணிவகுத்து ஒரே திசையில் நிற்கும். “பாருங்க, இணைத்தட்டு மின்தேக்கி, நடுவில் புலம் சீரானது” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அம்புகளின் திசை சீர்தான். வலிமையை அளந்து பாருங்கள்.

20 செ.மீ. இடைவெளியில் 11 நேர் மின்னூட்டங்கள்; அதற்கு இணையாக 1 மீட்டர் தள்ளி 11 எதிர் மின்னூட்டங்கள். சரியாக நடுவில் புலம் சுமார் 328 வோல்ட்/மீட்டர். அங்கிருந்து நேர் வரிசையை நோக்கி 25 செ.மீ. நகர்ந்தால் சுமார் 451. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. இதைச் சீரான புலம் என்று யாரும் சொல்ல முடியாது. வரிசையை நீட்டினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். முடிவில்லாமல் நீட்டினாலும் அந்த இரண்டு புள்ளிகளின் விகிதம் மூன்றுக்கு நான்கு என்றே நிற்கும்.

காரணம் எளிது. சிமுலேஷன் காட்டுவது ஒரு தளத்தை. ஆனால் கணக்குப் போடுவது முப்பரிமாணக் கூலூம் விதியில். திரையில் ஒரு வரிசையாக வைத்த மின்னூட்டங்கள் தட்டு ஆகாது; அது மின்னூட்டம் ஏற்றிய ஒரு கம்பிதான். தட்டு வேண்டுமென்றால் திரைக்கு உள்ளேயும் வெளியேயும் மின்னூட்டம் பரவியிருக்க வேண்டும். அதை வைக்க இங்கே வழியில்லை. கம்பியின் புலம் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறையும். தட்டின் புலம் குறையாது. ஆகவே இதை நீண்ட கம்பியின் பாடத்துக்குப் பயன்படுத்துங்கள், காஸ் விதியில் (மூடிய பரப்பின் வழியே செல்லும் புலத்தை உள்ளிருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் விதி) வரும் முடிவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். வரிசைக்கு வெகு அருகில் போக வேண்டாம், அங்கே ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரியும். வரிசை நீளத்தில் கால் பங்கைத் தாண்டியும் போக வேண்டாம், முனைகள் குறுக்கிடும்.

கோளக்கூட்டிலும் இதே வலை. மின்னூட்டங்களை வட்டமாக அடுக்கி, உள்ளே புலம் சுழி என்று காட்டப் பார்ப்பவர்கள் உண்டு. மையத்தில் சுழிதான். மையத்தை விட்டு விலகினால் அம்புகள் மையத்தை நோக்கித் திரும்பி நிற்கும். ஏனென்றால் இது வளையம், கூடு இல்லை. பக்கத்திலிருக்கும் மின்னூட்டத்தின் தள்ளலை ஈடுகட்ட மேலேயும் கீழேயும் இருக்க வேண்டிய மின்னூட்டங்கள் இங்கே இல்லை. வளையத்தை வைத்துக் கூட்டின் பாடம் நடத்தினால் கூர்ந்து பார்க்கிற மாணவர் காஸ் விதியையே சந்தேகப்படுவார்.

குறை என்று சொல்ல இன்னும் இரண்டு. புத்தகம் முழுக்க மின்புலக் கோடுகள் வரைந்து கிடக்கின்றன. இதில் அந்தக் கோடுகளே கிடையாது, கட்டத்துக்குக் கட்டம் அம்பு மட்டும்தான். கடத்தி, மின்காப்புப் பொருள் இரண்டும் இல்லை. கோடுகள் வேண்டுமென்றால் பால் ஃபால்ஸ்டாட் தளத்திலுள்ள நிலைமின்னியல் சிமுலேஷன்களுக்குப் போகலாம். அதில் கடத்தியும் உண்டு, ஆனால் திரை நெருக்கடியானது; ஆசிரியர் வீட்டில் ஒரு முறை பழகாமல் வகுப்பில் திறந்தால் மாட்டிக்கொள்வார்.

தட்டுக்கு என்ன செய்வது

ஃபெட் தளத்திலேயே ‘கெபாசிட்டர் லேப்: பேசிக்ஸ்’ இருக்கிறது. தட்டுப் பரப்பு 100 முதல் 400 சதுர மி.மீ., இடைவெளி 2 முதல் 10 மி.மீ., பேட்டரி 1.5 வோல்ட் வரை. 200 சதுர மி.மீ., 6 மி.மீ. வைத்தால் மின்தேக்குத்திறன் 0.30 பிக்கோஃபாரட், சூத்திரத்தில் போட்டாலும் அதுவே. பேட்டரியை மாட்டியபடியே தட்டை விலக்கினால் மின்னழுத்தம் மாறாது, மின்னூட்டம் குறையும். பேட்டரியைக் கழற்றிவிட்டு விலக்கினால் மின்னூட்டம் மாறாது, மின்னழுத்தம் கூடும். இந்த இரண்டையும் வோல்ட்மீட்டர் வைத்துக் காட்டுவதற்காகவே அதைத் திறக்கலாம். ஆனால் தட்டுகளுக்கு நடுவில் புள்ளி புள்ளியாகப் புலத்தை அளக்க அதில் சென்சார் இல்லை.

அதற்கு ஒரு தட்டுத் தண்ணீர் போதும். அடி சமமான கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டிரே, அதன் அடியில் வரைபடத்தாள், அரை செ.மீ. ஆழத்துக்குக் குழாய்த் தண்ணீர். டிரேயின் முழு அகலத்துக்கும் இரண்டு அலுமினியப் பட்டைகளை எதிரெதிரே 18 செ.மீ. இடைவெளியில் வைத்து 9 வோல்ட் பேட்டரியை மாட்டுங்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிற சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை எதிர்ப் பட்டையில். சிவப்பு முனையால் தண்ணீரைத் தொட்டு 2 செ.மீ.க்கு ஒரு ரீடிங்.

ஒவ்வொரு 2 செ.மீ.க்கும் மின்னழுத்தம் ஒரே அளவு ஏறும். அந்தச் சமஏற்றம்தான் சீரான புலம். தண்ணீரில் மின்னோட்டம் ஆழம் முழுவதும் ஒரே மாதிரி ஓடுவதால் இது உண்மையான இருபரிமாணம். சிமுலேஷனின் தளம் அப்படி இல்லை. கணக்குப்படி செ.மீ.க்கு 0.5 வோல்ட் வர வேண்டும். கையில் வருவது அதைவிடக் குறைவாக இருக்கும். பட்டையும் தண்ணீரும் சேரும் இடத்திலேயே மின்னாற்பகுப்பால் கொஞ்சம் வோல்ட் தின்னப்பட்டுவிடுகிறது. அதனால் முதல் ரீடிங்கையும் கடைசி ரீடிங்கையும் விட்டுவிட்டு நடுப்பகுதியின் சரிவை மட்டும் எடுங்கள். பட்டைகளில் குமிழி கட்டினால் ரீடிங் நழுவ ஆரம்பிக்கும். ரீடிங் எடுக்கும் நேரம் மட்டும் பேட்டரியை இணைத்தால் நழுவாது. ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், உப்பு இல்லாததால் மின்தடை ஏறிவிடும். கடற்கரைப் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு என்றால் மின்னோட்டம் கூடிப் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஆற்றுத் தண்ணீர் நடுத்தரம். டிரே சாய்ந்திருந்தால் ஆழம் மாறி, சீரான புலம் சீர்கெடும். தீப்பெட்டி அட்டையை அண்டை கொடுத்துச் சமப்படுத்துங்கள். குமிழியைத் தவிர்க்க ஏ.சி. நல்லதுதான், ஆனால் மலிவு மீட்டர்களில் ஏ.சி. அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும். சில வோல்ட்டை அதில் நம்பிப் படிக்க முடியாது.

இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்பது பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் 9 வோல்ட்/மீட்டர் என்றால் பிள்ளைகளுக்கு அது பெரிதா சிறிதா என்று பிடிபடாது. வானம் வெளுத்திருக்கும் நாளில் தரைக்கு அருகே காற்றில் இருக்கும் இயற்கையான மின்புலமே சுமார் 100 வோல்ட்/மீட்டர், கீழ்நோக்கி. திருச்செந்தூர் சாலைப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகத்தில் இந்த வளிமண்டல மின்புலத்தையும் அளந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படியானால் தலைக்கும் காலுக்கும் நடுவே 150 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டுமே, ஏன் ஷாக் அடிக்கவில்லை என்ற கேள்வியை வகுப்பில் போட்டுவிடுங்கள். உடம்பு கடத்தி; நின்ற இடத்திலேயே தலையும் காலும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும், சமமின்னழுத்தப் பரப்புகள் தலைக்கு மேலே வளைந்து போகும். கடத்தி இல்லாத இந்தச் சிமுலேஷனில் அதைக் காட்ட முடியாது. போர்டில்தான் வரைய வேண்டும்.

ஒரு 45 நிமிட வகுப்புக்கு ஒற்றை மின்னூட்ட அட்டவணையும், சுழிப் புலம்–சுழி மின்னழுத்த ஜோடியும் மட்டும் போதும். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், ஒருவர் மவுஸ், ஒருவர் நோட்டு, பாதியில் மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று பேர் ஆனால் மூன்றாமவர் வேடிக்கைதான் பார்ப்பார். இருமுனையையும், நான்குக்கு ஒன்று கணக்கையும் வீட்டுப்பாடமாகப் போனில் கொடுக்கலாம், ஆனால் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மார்க் வேண்டாம். ஒருவர் எடுத்தது குரூப் முழுக்கச் சுற்றும். ஆளுக்கு ஒரு தொலைவைக் கொடுத்து எண்ணை எழுதி வரச் சொல்லுங்கள், சரிபார்க்க உங்களுக்கும் ஒரு வகுத்தல்தான்.